ஸ்டேட்டர் கப்ளர் உருகி ஒட்டிக்கொண்டது: கப்ளரை மட்டும் மாற்றினால் போதுமா?

ராப்பயணி · பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பன்னிரண்டு வயதான இரட்டை சிலிண்டர் வண்டி. எட்டு மாதத்துக்குள் இரண்டாவது பேட்டரியும் படுத்துவிட்டது. முதல் பேட்டரி போனபோது வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது போனதும் ஒரு பட்டறையில் காட்டினேன். "காயில் எரிந்துவிட்டது, எஞ்சின் மூடியைக் கழற்றி ஸ்டேட்டரை மாற்ற வேண்டும்" என்றார்கள். ஸ்டேட்டர் என்பது எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் அந்தக் காயில்தான். மீட்டரை எங்கும் வைக்கவில்லை. ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான் சோதனை. வண்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நேற்று சீட்டையும் பக்கப் பேனலையும் கழற்றிவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். எஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் ரெகுலேட்டர் (காயில் தரும் ஏசியை டிசியாக்கி வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வயரோடு சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கப்ளர், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் டப்பா. வெள்ளை என்பதே என் ஊகம்தான். ஒரு மூலையில் மட்டும் வெள்ளை மிச்சமிருக்கிறது, மீதி பழுப்பு, நடு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) இருக்கும் இடம் கரிக்கட்டை. இரண்டு பாதியும் உருகி ஒன்றாகிவிட்டன, இழுத்தால் பிரியவில்லை.

கப்ளரை மட்டும் மாற்றினால் போதுமா? காயிலும் ரெகுலேட்டரும் தப்பித்திருக்குமா? காயில் கெட்டதால் கப்ளர் உருகியதா, இல்லை வேறு காரணமா?

மூன்றாம்கியர் · பதிவு 2

எனக்கும் இதே கதை. இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினேன். இரண்டு வருடமாக ஓடுகிறது. எந்த மஞ்சளை எந்த மஞ்சளோடு சேர்ப்பது என்று குழம்ப வேண்டாம், எப்படிச் சேர்த்தாலும் ஒன்றுதான்.

காயில்காரர் · பதிவு 3

மஞ்சள் வயரின் வரிசையைப் பற்றி மேலே சொன்னது சரி. மூன்றும் மூன்று ஃபேஸ். ரெகுலேட்டருக்குள் இருக்கும் டையோடுகளுக்கு எது எங்கே வந்து சேர்ந்தாலும் கவலையில்லை. ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் சிவப்புக்கும் கறுப்புக்கும் இந்தத் தாராளம் கிடையாது, அங்கே மாற்றிக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் ரெகுலேட்டர் காலி. முறுக்கி டேப் சுற்றுவது பற்றிப் பிறகு பேசுகிறேன், இப்போது பேசினால் கோபம் வரும்.

ராப்பயணி தம்பி, வெட்டுவதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்து வையுங்கள். பேட்டரியைத் தனியாக நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, பிறகு மீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அப்புறம் வண்டியைக் கிளப்பி, பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்து ஐட்லிங்கிலும் 5000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். நல்ல வண்டியில் 5000-இல் 13.8 முதல் 14.5 வரை காட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் செய்துவிடாதீர்கள். பேட்டரி இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் துள்ளும், ரெகுலேட்டரோடு மற்ற எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து போகும்.

அடுத்து கப்ளரை வெட்டி எடுங்கள். அது இனி எதற்கும் உதவாது. கப்ளரை ஒட்டியே வெட்டுங்கள், வயர் நீளம் பிறகு தேவைப்படும். காயில் பக்கம் மூன்று சோதனை. எஞ்சின் அணைந்த நிலையில் மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக எடுத்து ஓம் பாருங்கள். பெரும்பாலான காயில்களில் ஒரு ஓமுக்குக் கீழேதான் வரும். மூன்று ஜோடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை இதிலிருந்து கழிக்க மறக்காதீர்கள், மலிவு மீட்டரில் அதுவே 0.2, 0.3 இருக்கும். பிறகு ஒவ்வொரு மஞ்சளுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே பாருங்கள். அங்கே தொடர்பே இருக்கக்கூடாது. கொஞ்சம் ஓம் காட்டினாலும் வைண்டிங் எர்த் ஆகிவிட்டது என்று அர்த்தம், பட்டறைக்காரர் சொன்னது சரியாகிவிடும்.

மூன்றாவது சோதனைதான் கடைசித் தீர்ப்பு. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சினை ஓட்டி, மூன்று ஜோடியிலும் பாருங்கள். ஐட்லிங்கில் இருபதுக்குப் பக்கம் வரும், 5000-இல் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டும். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. வயர் முனைகள் ஒன்றையொன்று தொடாமலும், உங்கள் விரல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது வோல்ட் ஏசி உதறும்.

ராப்பயணி · பதிவு 4

அண்ணா, சொன்னபடி செய்தேன்.

வெட்டுவதற்கு முன்: பேட்டரி நின்ற நிலையில் 12.7. ஐட்லிங்கில் 12.4. 5000-இல் 12.8. அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் ஏறவில்லை.

வெட்டிய பிறகு: மூன்று ஜோடியும் 0.5 ஓம். மீட்டர் முனை 0.2, ஆக 0.3. எஞ்சின் உடம்போடு எந்தத் தொடர்பும் இல்லை. ஏசி 5000-இல் 62, 61, 62.

காயில் நன்றாகத்தானே இருக்கிறது?

காயில்காரர் · பதிவு 5

பொன்னாக இருக்கிறது. மூடியைக் கழற்றாமல் தப்பித்தீர்கள்.

ரெகுலேட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா வயரையும் கழற்றிவிட்டு மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை மஞ்சள் பின்னில், கறுப்பு முனை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயரில் வைத்தால் 0.4-இலிருந்து 0.6 வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக்கூடாது. மூன்று மஞ்சளுக்கும் இதையே செய்யுங்கள். அதேபோல் நெகட்டிவ் வயரில் சிவப்பு முனை, மஞ்சளில் கறுப்பு முனை. இதில் தேறினால் டையோடுகள் பிழைத்திருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதியை இந்தச் சோதனை தொடுவதே இல்லை. அது வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

பழையவண்டி · பதிவு 6

ஒரு சந்தேகம். காயிலும் சரி, ரெகுலேட்டரும் சரி என்றால் கப்ளர் ஏன் உருகியது? ஷார்ட் ஆகாமல் வயர் எப்படி எரியும்?

காயில்காரர் · பதிவு 7

நல்ல கேள்வி. பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த மாதிரி வண்டிகளில் சுழலும் பகுதியில் இருப்பது நிரந்தரக் காந்தம். கார் ஆல்ட்டர்னேட்டர் போலக் காந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எஞ்சின் சுற்றினால் காயில் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். வண்டிக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தைரிஸ்டர் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் வழியாகக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடும். ஆகவே நீங்கள் விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் அந்த மூன்று மஞ்சள் வயர்களிலும் ஏறத்தாழ முழுக் கரண்ட்தான் ஓடுகிறது. நடுத்தர வண்டியில் வயருக்கு 15 முதல் 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. சூடு என்பது கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. 20 ஆம்பியரில் லக் நன்றாகக் கவ்வியிருந்து தடை 0.002 ஓம் என்றால் 0.8 வாட். அது சூடே கிடையாது. பத்து வருட மழையும் தூசும் அதிர்வும் சேர்ந்து அந்தத் தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 40 வாட்! ஈயம் வைக்கும் சால்டரிங் கோல் ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்த மாதிரி. அந்தக் கப்ளர் பெரும்பாலும் நைலான். நைலான் 66 உருகுவது 260 டிகிரி பக்கத்தில். உங்கள் கப்ளரின் நடுப்பின் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விஷச் சுழற்சியும் இருக்கிறது. பித்தளை லக் சூடானால் ஸ்பிரிங் போலக் கவ்வும் பிடியை இழக்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. முதல் ஐந்து வருடம் மெல்ல நடப்பது கடைசி ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். இதற்கு ஷார்ட் எதுவும் தேவையில்லை, ஃபியூஸும் போகாது. ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை. மேலும் ஃபியூஸ் இருப்பது டிசி பக்கத்தில், மஞ்சள் வயர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று வயரில் ஒன்று அறுந்தாலும் மீதி இரண்டும் கொஞ்சம் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பேட்டரி ஒரே நாளில் போகாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது.

விளக்கொளி · பதிவு 8

அப்படியென்றால் எல்இடி விளக்கு மாட்டி லோடைக் குறைத்தால் கப்ளர் தப்பிக்குமா?

காயில்காரர் · பதிவு 9

ஷண்ட் வகையில் தப்பிக்காது. விளக்கு சாப்பிடாததை ரெகுலேட்டர் சாப்பிடும், அவ்வளவுதான். மஞ்சள் வயருக்கு வித்தியாசம் தெரியாது. சீரிஸ் வகை ரெகுலேட்டர் என்றால் வேறு கதை. அது தேவையில்லாத நேரத்தில் காயிலைத் துண்டித்துவிடும், ஆகவே லோடு குறைந்தால் வயரில் கரண்டும் குறையும். ஷிண்டென்ஜென் எஸ்ஹெச் 847 அந்த வகை. அதே நிறுவனத்தின் எஃப்ஹெச் 020, தைரிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற சுவிட்ச் இருக்கும் வகை, ஆனால் ஷண்ட்தான். ரெகுலேட்டர் குளிர்ச்சியாக இருக்கும், வயரில் ஓடும் கரண்ட் குறையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு.

ஈயக்கோல் · பதிவு 10

ராப்பயணி, என் யோசனை எளிது. கப்ளரே வேண்டாம். பளபளப்பான செம்பு வரும்வரை வயரைச் சீவி, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, ஈயம் வைத்து, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கப்ளர் இருந்தால்தானே கப்ளர் உருகும்? நான் நான்கு வண்டிகளுக்கு இப்படிச் செய்துகொடுத்திருக்கிறேன்.

பல்சக்கரம் · பதிவு 11

ஈயக்கோல் அண்ணனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து.

ஈயம் வைத்த வயரில் இரண்டு வம்பு. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறும். ஏறிய தூரம்வரை வயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் இடத்தில் அதிர்வு வேலை செய்து இழை இழையாக அறுக்கும். ஹீட் ஷ்ரிங்குக்குள் அறுவதால் வெளியே தெரியவும் தெரியாது. இரண்டாவது, சாதாரணச் சால்டரிங் ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. கப்ளர் உருகிய சூட்டில் ஈயம் எப்போதோ ஓடிப் போயிருக்கும்.

ஈயக்கோல் · பதிவு 12

இரண்டாவது வாதம் தலைகீழ். கப்ளர் சூடானதே தடையால். ஈயம் வைத்த மூட்டில் தடையே இல்லாதபோது 183 டிகிரி எங்கிருந்து வரும்?

முதல் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மூட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு விரல் தள்ளி வயரை ஃபிரேமோடு டை போட்டுக் கட்டச் சொல்வேன். ஆடாத வயர் அறாது.

காயில்காரர் · பதிவு 13

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒழுங்காக வைத்த ஈயம் ஒழுங்கில்லாத கிரிம்ப்பை விட ஆயிரம் மடங்கு மேல். ஒழுங்கான கிரிம்ப் இரண்டையும் விட மேல். இழைகளும் லக்கும் ஒன்றாக நசுங்கி, இடையில் காற்றுப் புகாத அளவுக்கு இறுக வேண்டும். சாதாரணக் குறடால் தட்டையாக நசுக்குவதை நான் கிரிம்ப் என்று சொல்லமாட்டேன். திறந்த சிறகு லக்கில் இரண்டு சிறகும் மடிந்து இழைகளுக்குள் இறங்க வேண்டும், பின்னால் இருக்கும் இன்னொரு ஜோடி ரப்பர் சீலையும் வயர் உறையையும் பிடிக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் கிரிம்ப் கருவி இல்லாமல் அது வராது.

கப்ளரே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும் என்றால் மறுபடி வெட்ட வேண்டும். நான்கு முறை வெட்டினால் வயர் ரெகுலேட்டரை எட்டாது. நான் கப்ளர் போடத்தான் சொல்வேன், நீர் புகாத வகையாக.

முறுக்கி டேப் சுற்றியவருக்கு: உங்கள் அதிர்ஷ்டத்துக்கு வாழ்த்துகள். இன்று ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அந்த டேப்பைத் தொட்டுப் பாருங்கள்.

மூன்றாம்கியர் · பதிவு 14

தொட்டுப் பார்த்தேன். விரலை உடனே எடுத்துவிட்டேன். டேப்பின் பசை ஒழுகியிருக்கிறது. இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

ராப்பயணி · பதிவு 15

டாய்ட்ஷ் கம்பெனிக் கப்ளர் நல்லது என்று ஒருவர் சொன்னார். டிடி வகை மூன்று பின் வாங்கட்டுமா?

பல்சக்கரம் · பதிவு 16

கப்ளர் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்குச் சின்னது. டிடி வகையில் இருப்பது 16-ஆம் அளவு பின், 13 ஆம்பியருக்குத்தான். டிடிபி என்ற வகையில் 12-ஆம் அளவு பின், 25 ஆம்பியர் தாங்கும். அதில் இரண்டு பின், நான்கு பின் என்றுதான் வரும், நான்கில் ஒன்றைச் சும்மா விட்டு ஓட்டையை அடைத்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் 6.3 மில்லிமீட்டர் தட்டை லக் போடும் நீர் புகாத மூன்று பின் கப்ளர் போதும். உங்கள் பழைய கப்ளரிலும் அந்த அகல லக்தான் இருந்திருக்கும். லக் எந்த வயருக்கானது என்று பார்த்து வாங்குங்கள். 2 சதுர மில்லிமீட்டர் வயரில் 1 சதுர மில்லிமீட்டர் வயருக்கான லக்கைப் போட்டால் சிறகு மடியாது, இழையைக் கத்தரித்துப் போடும் ஆசை வரும்.

ராப்பயணி · பதிவு 17

ஐந்து நாள் கழித்து வருகிறேன். 6.3 மில்லிமீட்டர் கப்ளர் போட்டாயிற்று, கிரிம்ப் கருவி இரவல் வாங்கினேன். கிளப்பியதும் 5000-இல் 14.2! ஹாரன் சத்தமே மாறிவிட்டது. ஒரு வாரமாக முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

ஆனால் மகிழ்ச்சி நாற்பது நிமிடம்தான். ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் புதுக் கப்ளர் சூடு. அதுவும் நடு வயர் பக்கம் மட்டும். ஓரத்து இரண்டும் எஞ்சின் சூட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. புதுக் கப்ளர் ஏன் சுடுகிறது? போலிச் சரக்கா?

ஈயக்கோல் · பதிவு 18

நான் எதுவும் சொல்லவில்லை.

காயில்காரர் · பதிவு 19

போலிச் சரக்கு என்றால் மூன்றும் சுட வேண்டும். ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அந்த ஒன்றில்தான் கோளாறு.

பேட்டரியில் 14.2 வந்துவிட்டது என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த எண் கப்ளரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காயிலிடம் மிச்சம் நிறைய இருக்கிறது, ஒரு மூட்டில் கொஞ்சம் தொலைந்தாலும் ரெகுலேட்டர் 14.2 வரை கொண்டுவந்துவிடும். நான் பார்த்த பல வண்டிகளில் கப்ளர் உருகிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியில் 14 வோல்ட் அழகாக நின்றிருக்கிறது.

மூட்டை அளக்க வேண்டும் என்றால் மூட்டின் இரண்டு பக்கமும் மீட்டர் வைக்க வேண்டும். ஓமில் வைத்துப் பயனில்லை. 0.04 ஓமைச் சாதாரண மீட்டர் கண்டுபிடிக்காது, முனைகளின் தடையிலேயே அது மறைந்துவிடும். ஆனால் 18 ஆம்பியர் ஓடும்போது அதே 0.04 ஓம் 0.7 வோல்ட்டைத் தின்னும், அதை எந்த மீட்டரும் காட்டும். ஆகவே வண்டியை ஓடவிட்டு, ஏசி வோல்ட்டில் வைத்து, கப்ளரின் காயில் பக்கம் ஒரு முனை, ரெகுலேட்டர் பக்கம் ஒரு முனை, அதே வயரில். குண்டூசியைச் சீலின் ஓரமாகப் பின்பக்கத்திலிருந்து நுழைத்தால் லக்கைத் தொடும். ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும். இரண்டு வயரில் ஊசி குத்தி ஒன்றையொன்று தொடவிட்டுவிடாதீர்கள்.

நடு வயரில் மட்டும் இன்னொரு அளவும் எடுங்கள். லக்கிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி வயர் உறையில் ஊசியைக் குத்திச் செம்பைத் தொடுங்கள், மறுமுனையை லக்கில் வையுங்கள். கிரிம்ப் தின்பது எவ்வளவு, லக்கும் லக்கும் சேரும் இடம் தின்பது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

பழையவண்டி · பதிவு 20

சின்னக் குறுக்கீடு. ஷண்ட் ரெகுலேட்டர் நடுவில் நடுவில் ஷார்ட் செய்வதால் அந்த ஏசி நல்ல அலையாக இருக்காது. சாதாரண மீட்டர் காட்டும் எண் தப்பாக இருக்கலாமே?

காயில்காரர் · பதிவு 21

தப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். மூன்று வயருக்கும் ஒரே தப்பு. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

ராப்பயணி · பதிவு 22

4000 ஆர்பிஎம்மில்:

ஓரத்து வயர்கள் 0.04, 0.05. நடு வயர் 0.71.

நடு வயரைப் பிரித்துப் பார்த்ததில், லக்கும் லக்கும் சேரும் இடம் 0.06. காயில் பக்கத்துக் கிரிம்ப் மட்டும் 0.6. ரெகுலேட்டர் பக்கத்துக் கிரிம்ப் 0.03.

ஆக, நான் அமுக்கிய ஒரே ஒரு கிரிம்ப். ஆனால் ஆறையும் ஒரே கருவியால் ஒரே மாதிரிதானே அமுக்கினேன்?

காயில்காரர் · பதிவு 23

அந்த வயரைச் சீவியபோது செம்பு என்ன நிறத்தில் இருந்தது?

ராப்பயணி · பதிவு 24

...கொஞ்சம் கறுப்பாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே பளபளத்தது.

காயில்காரர் · பதிவு 25

அதுதான். மேலே இருந்த இழைகளை மட்டும் தேய்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு இழைக்கும் செம்பு ஆக்சைடு கறுப்புச் சட்டை போட்டிருக்கிறது. அந்தச் சட்டை மின்சாரத்தை விடாது. எவ்வளவு நல்ல கருவியால் அமுக்கினாலும் சட்டையோடு சட்டைதான் உரசும். ஈயம் வைத்தாலும் இதே பாடுதான், கறுப்புச் செம்பில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஈயக்கோல் இதற்குச் சாட்சி.

கறுப்பு, சூட்டால் வந்தது. அது உறைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சீவிப் பாருங்கள். உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கிற பகுதி முழுவதையும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வளைத்தால் குழைந்து வளையும் இடத்தில்தான் நல்ல செம்பு தொடங்கும்.

ஈயக்கோல் · பதிவு 26

சாட்சி சொல்கிறேன். கறுப்புச் செம்பில் ஈயம் பிடிக்காது. வினிகரில் உப்புப் போட்டு வயர் நுனியை ஊறவைத்தால் கறுப்பு போகும், அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். வெட்டுவதற்கு வயரே மிச்சமில்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்வேன். கழுவாமல் விட்டால் அமிலம் உள்ளே ஏறி அடுத்த வருடம் பச்சைப் பூக்கும்.

ராப்பயணி · பதிவு 27

வெட்டினேன். இரண்டு சென்டிமீட்டர், கறுப்பு. நான்கு, கறுப்பு. ஏழு, காப்பிப்பொடி நிறம். பதினொன்றில்தான் ரோஜா நிறச் செம்பு வந்தது. வயர் இப்போது கப்ளரை எட்டவில்லை. ஒட்டுப் போட வேண்டுமா?

பல்சக்கரம் · பதிவு 28

போடலாம். 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை வண்டி வயர். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி வயர் கூடவே கூடாது, அதிர்வில் ஒடியும். உறை சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும், எஞ்சின் மேலே போகிற வயர். உறையில்லாத வெறும் பட் ஸ்லீவ் (இரண்டு வயர் முனைகளையும் சேர்க்கும் உலோகக் குழாய்) வைத்துக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சூடாக்கும்போது இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் தண்ணீர் புகாது. ஹீட் ஷ்ரிங்கை வயரில் முதலிலேயே மாட்டிவிட்டு அப்புறம் கிரிம்ப் செய்யுங்கள். இதைச் சொல்லக் காரணம், நான் இன்றைக்கும் மறப்பேன்.

மற்ற இரண்டு மஞ்சளையும் சீவிப் பாருங்கள். 0.05 என்றாலும் கண்ணால் பார்ப்பது நல்லது. ஒட்டுப் போடுவதாக இருந்தால் மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் வேண்டாம், முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் மலைப்பாம்பு ஆடு விழுங்கிய மாதிரி ஆகிவிடும், பேனல் மூடாது.

விளக்கொளி · பதிவு 29

கப்ளருக்குள் கிரீஸ் வைக்கலாமா? மின்சாரம் நன்றாகப் பாயும் என்கிறார்கள்.

காயில்காரர் · பதிவு 30

சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. லக் அழுத்திப் பிடிக்கும் இடத்தில் அது ஒதுங்கி விலகிவிடும், அதனால் கெடுதலும் இல்லை. அது வைப்பது தண்ணீரை வெளியே நிறுத்த. சீல் மேல் மெல்லிதாகப் பூசுங்கள், டப்பாவை நிரப்ப வேண்டாம். பிடி தளர்ந்த லக்கைக் கிரீஸ் காப்பாற்றாது.

ராப்பயணி · பதிவு 31

முடிந்தது. மூன்று வயருக்கும் ஒட்டு, ஆறு லக்கும் புதிது. மற்ற இரண்டு மஞ்சளில் மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே நல்ல செம்பு வந்துவிட்டது. ஒரு ஹீட் ஷ்ரிங்கை மாட்ட மறந்து ஒரு பட் ஸ்லீவை வெட்டி எறிந்தேன், பல்சக்கரம் அண்ணன் சாபம்.

4000-இல் மூன்று வயரிலும் 0.04, 0.05, 0.04. பேட்டரியில் ஐட்லிங்கில் 13.6, 5000-இல் 14.2. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து தொட்டேன், மூன்று பக்கமும் ஒரே இளஞ்சூடு. இரவலாக வந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மூன்று இடத்திலும் 41, 42 என்றது. அதைப் பளபளப்பான லக்கில் காட்டினால் குறைத்துச் சொல்கிறது, கறுப்புப் பிளாஸ்டிக்கில் காட்டினால் சரியாகச் சொல்கிறது.

ஊசி குத்திய வயர்த் துண்டு வெட்டியதோடு போய்விட்டது. வேறு எங்காவது கவனிக்க வேண்டுமா?

காயில்காரர் · பதிவு 32

டிசி பக்கம் ஒரே ஒரு அளவு. விளக்கெல்லாம் போட்டு 5000-இல் ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட். அதேபோல் நெகட்டிவ் பக்கம். ஒவ்வொன்றும் 0.2-க்குள் இருக்க வேண்டும். கூட இருந்தால் பெரும்பாலும் மெயின் ஃபியூஸ் ஹோல்டர்தான் குற்றவாளி, மஞ்சள் கப்ளருக்கு வந்த அதே நோய் அங்கேயும் வரும். ஃபியூஸ் நன்றாக இருக்கும், அது உட்காரும் லக் கருகியிருக்கும். அங்கே பெரிய ஃபியூஸ் போடுவது வைத்தியமே கிடையாது.

ராப்பயணி · பதிவு 33

பாசிட்டிவ் 0.12. நெகட்டிவ் 0.38.

காயில்காரர் · பதிவு 34

எர்த் வயர் ஃபிரேமில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

ராப்பயணி · பதிவு 35

0.07.

மூன்றாம்கியர் · பதிவு 36

அண்ணா, நான் டேப்பைப் பிரித்துவிட்டேன். செம்பு கறுப்பு. ஒன்பது சென்டிமீட்டர் வெட்டியும் இன்னும் கறுப்பு. எவ்வளவு தூரம்வரை போகலாம்?

காயில்காரர் · பதிவு 37

எஞ்சின் மூடியில் வயர் வெளியே வரும் ரப்பர் வரை போகலாம். ஆனால் ரப்பருக்கு வெளியே ஆறு, ஏழு சென்டிமீட்டராவது மிச்சம் வையுங்கள், ஒட்டுப் போடக் கிரிம்ப் கருவி நுழைய வேண்டும். அதுவரை வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். முதலில் 3-ஆம் பதிவில் சொன்ன மூன்று சோதனையையும் செய்து எண்களைப் போடுங்கள்.